1,65,000 ரூபாய் போச்சு: பழைய கார் இன்ஜின் சத்தத்துக்கு ஸ்பெஷலிஸ்ட் தேடுகிறவர்கள் கவனம்

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். நேற்றுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்ஜினில் சத்தம் வந்தால் எப்படிப் பார்ப்பது, யாரிடம் போவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். பெயரை மட்டும் போடவில்லை, புகார் பதிவாகும்வரை வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பழைய கார்களுக்கு மெக்கானிக் பிடித்துத் தரும் ஒரு ஆப், அதன் வழியாக வந்த ஒரு வின்டேஜ் ஒர்க்‌ஷாப். இப்போதைக்கு இவ்வளவுதான்.

வண்டி எங்கள் ஐயா கொழும்பில் வியாபாரம் பார்த்தபோது வாங்கியது. 1958 மாடல் எம்.ஜி.ஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு சீட், 1,489 சிசி இன்ஜின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். கானாடுகாத்தான் வீட்டு ஷெட்டில் நிற்கும். பிள்ளையார்பட்டிக்கோ திருமயத்துக்கோ அவ்வப்போது எடுப்போம். கொஞ்ச நாளாக ஒரு சத்தம். நம்ம பக்கம் மலை கிடையாது, சமதரையில் ஒன்றும் தெரியாது. ரயில்வே மேம்பாலம் ஏறும்போது டாப் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், சாவிக்கொத்தைக் குலுக்குவதுபோல உள்ளே கலகலவென்று கேட்கும். காலை எடுத்தால் நின்றுவிடும். மருமகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் என்று முடிவாகியிருந்தது. அதனால் உடனே பார்த்துவிடலாம் என்று ஆப்பில் பதிவு செய்தேன்.

வந்தவன் முகப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். ஐயா ஓட்டிய வண்டி என்று சொன்னதும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் ஆயில் ஸ்டிக்கை உருவி வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினான். பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. "பாருங்கண்ணே, பேரிங் பொடி" என்றான். போனில் வேறொரு இன்ஜினின் சத்தத்தைப் போட்டு, "இதேதான், பிக் எண்ட் போயிருச்சு. இப்படியே ஓட்டினா கனெக்டிங் ராட் பிளாக்கைக் கிழிச்சிட்டு வெளிய வந்துரும்" என்றான். பிக் எண்ட் என்றால், பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பக்கப் பேரிங். எங்கள் ஆத்தா வெள்ளைப் பணியாரமும் காப்பியும் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்கள். "நல்ல பிள்ளையா இருக்கான், மரியாதை தெரிஞ்சவன், கொடுத்துரு" என்றார்கள். 50,000 அட்வான்ஸ், வண்டி திரும்பும்போது 1,15,000. மொத்தம் 1,65,000 ரூபாய். கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், முழு ஓவர்ஹால் என்று பேச்சு.

வண்டி லாரியில் போய், லாரியில் வந்தது. இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவர் புது பெயிண்டில் பளபளவென்று இருந்தது. மேம்பாலம் ஏறினேன். அதே கலகல.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "புது பேரிங் செட் ஆகிற வரைக்கும் சத்தம் இருக்கத்தான் செய்யும், 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கண்ணே." அடுத்து, "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்குல்ல, அதான்." அடுத்து, "வண்டியை இங்க அனுப்புங்க, லாரி வாடகை உங்களோடது." அப்புறம் வேலை பார்த்த ஆள் ஊரை விட்டே போய்விட்டான் என்றார்கள். அண்ணே என்று கூப்பிட்டவன் சார் ஆனான், பிறகு போனையே எடுக்கவில்லை. ஆப்காரர்களிடம் முறையிட்டால், "நாங்கள் இருவரையும் இணைப்பது மட்டுமே, பணிக்குப் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. பில்லின் படத்தோடு மறுபடி எழுதினேன். புகார் முடித்து வைக்கப்பட்டது என்று பதில் வந்தது. யார் முடித்தது? என் 1,65,000 ரூபாய் எங்கே?

நேற்று காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வாழ்நாள் முழுக்க அம்பாசிடர் வேலை பார்த்தவர். பானெட்டைத் தூக்கியதும் சிரித்தார். அம்பாசிடரில் வெகுகாலம் வந்ததும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் இதே பி சீரிஸ் 1,489 சிசி இன்ஜின்தான், இதில் கார்புரேட்டர் இரண்டு, அதில் ஒன்று. நம்ம ஊரில் இந்த இன்ஜினைத் தெரிந்த கை இருக்கும்போது ஆப்காரர்கள் எங்கேயோ இருந்து ஆளைக் கோத்துவிட்டார்கள்.

பில்லை வாங்கிப் படித்தார். கிராங்க்கைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் பேரிங் 5 ஜோடி என்று போட்டிருந்தது. "தம்பி, இந்த இன்ஜின்ல மெயின் பேரிங் மூணுதான். அஞ்சு பின்னாடி எம்.ஜி.பி. காருக்குத்தான் வந்துச்சு" என்றார். கீழே படுத்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டிதான் சம்ப், அதன் போல்ட்டுகளில் பழைய ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து கெட்டியாகக் காய்ந்திருந்தன. ஒரு போல்ட்டில்கூட ஸ்பானர் பட்ட தடம் இல்லை. இன்ஜினை இறக்காமல், சம்ப்பைக்கூடக் கழற்றாமல் கிராங்க்கை எப்படி எடுத்துக் கடைந்தார்கள்? பெயிண்ட் அடித்ததற்கு 1,65,000!

பிறகு சோதித்தார். இன்ஜினைச் சூடேற்றி வேகம் கூட்டி வைத்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து பிளாக்கில் அங்கங்கே ஊன்றிக் கேட்டார். ஒவ்வொரு பிளக் வயராக எடுத்து மாட்டினார். பிக் எண்ட் போயிருந்தால் டொக் டொக்கென்று கனமான அடி கேட்கும், அந்த சிலிண்டரின் பிளக்கை நிறுத்தினால் அடி குறையும். இதில் அந்த அடியே இல்லை. ஆயில் பிரஷர் முள்ளும் சூடான பிறகு 50 பவுண்டு பக்கம் அசையாமல் நின்றது.

அப்புறம் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயிண்ட் இருக்கும் தட்டைத் தூக்கினார். அடியில், வேகம் கூடக் கூட விரிகிற இரண்டு சின்ன வெயிட், அவற்றை இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங். ஒன்று அறுந்து கிடந்தது. இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால் வெயிட் முன்கூட்டியே விரிகிறது, பிளக் சீக்கிரமே பற்ற வைக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எகிறி மீதிப் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடிக்கிறது. அந்த வெடிதான் கலகல சத்தம். தகர டப்பாவில் தேடி ஒரு ஸ்பிரிங் எடுத்து மாட்டி, பிளக் பற்ற வைக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சரியாக வைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 900 ரூபாய். மேம்பாலத்தில் டாப் கியரில் ஏறிப் பார்த்தேன், சத்தமே இல்லை.

எனக்கு வயிறு எரிவது பணத்துக்கு மட்டும் இல்லை. 1,000 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னானே, இந்தச் சத்தத்தோடு மிதித்து ஓட்டினால் பிஸ்டன் உடையும், ஓட்டை விழும் என்கிறார் பெரியவர். ஐயாவின் வண்டியை நிஜமாகவே கெடுக்கிற வழியைத்தான் அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். மிதித்தால் மட்டும் வந்து, காலை எடுத்தால் நிற்கிற கலகல சத்தத்துக்கு முதலில் டைமிங்கையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் வயரை எடுத்துச் சோதிக்காமல் பேரிங் என்று சொல்பவனுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இன்ஜினைப் பிரிப்பதாக இருந்தால் கூடவே நில்லுங்கள், கழற்றிய பழைய பேரிங்கைக் கையில் வாங்குங்கள். ஏமாந்திருந்தால் 1915க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். நான் திங்கட்கிழமை சிவகங்கை போகிறேன். மெயின் பேரிங் 5 ஜோடி என்று எம்.ஜி.ஏ.வுக்கோ பழைய அம்பாசிடருக்கோ பில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.