சிக்கிய டை ராட் எண்ட்: சுத்தியலா, ஃபோர்க்கா, புல்லரா?

நட்டைக் கழற்றியாயிற்று. நட்டு தானாகக் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் பாதியில் முறிந்து வந்தது, அது போகட்டும். ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட்டின் நுனி மூட்டான டை ராட் எண்ட் மட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை விட்டு இம்மியும் அசையவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றிப்போட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்த எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். கடற்கரை ஊர்க் கார் என்றால் கேட்கவே வேண்டாம். தூத்துக்குடியில் உப்பளச் சாலையில் தினமும் போய்வந்த என் பழைய மாருதி 800-இல் இந்த வேலையை மூன்று தடவை செய்திருக்கிறேன், மூன்று தடவையும் வேறுவேறு கருவியை வைத்துக்கொண்டு. அதனால் எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு. எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரியும்.

அது ஏன் சிக்குகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டை ராட் எண்டின் தண்டு நேரான போல்ட் கிடையாது. திரெட்டுக்குக் கீழே கூம்பு வாட்டத்தில் கடைந்திருப்பார்கள். நக்கிள் கையில் அது போய் உட்காரும் துளையும் அதே சரிவில் இருக்கும். நட்டை முறுக்க முறுக்கக் கூம்பு துளைக்குள் இழுபட்டுக் கவ்விக்கொள்ளும். இந்தக் கவ்வல் இருப்பதால்தான் ஸ்டியரிங்கில் ஆட்டம் இல்லை. நட்டைக் கழற்றினாலும் கவ்வல் போகாது. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை நினைத்துப் பாருங்கள். இழுத்தால் கைதான் வலிக்கும். பக்கவாட்டில் சரியான ஒரு தட்டு, ‘டக்’கென்று விட்டுவிடும். இங்கே துருவும் சேர்கிறது. இரும்பு துருப்பிடித்தால் முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் உப்புக்காற்று ஊர்களில் கவ்வல் இரட்டிப்பாகிறது.

ஆகவே எந்தக் கருவியை எடுத்தாலும் அதைப் பற்றி ஒரே கேள்விதான்: அது தள்ளுகிறதா, அதிர வைக்கிறதா?

நம் ஊர் மெக்கானிக்குகள் முதலில் எடுப்பது சுத்தியல். அதில் தப்பில்லை, எங்கே அடிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். துளையைச் சுற்றித் தடித்த வளையம் மாதிரி இருக்குமே, அதன் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்தால் அடியின் வேகம் வீணாகாது. அடி விழும் அந்தக் கணத்தில் துளை துளியூண்டு நசுங்கி மீண்டும் வட்டமாகும், கவ்வல் விட்டுப்போகும். கால் கிலோ சுத்தியலால் ஐம்பது அடி அடிப்பதைவிட ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள சுத்தியலால் நாலு அடி மேல். செலவு இல்லை, மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைக்கு, அதாவது ‘பூட்’டுக்கு, சேதமில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்தால் நக்கிள் கை வெளியே வந்து, சுத்தியல் வீச இடம் கிடைக்கும்.

தண்டின் நுனியில் மட்டும் அடிக்காதீர்கள். என் காரில் நான் கைவைப்பதற்கு முன்பு ஒரு பட்டறையில் யாரோ நட்டு இல்லாமல் நேராக நுனியிலேயே சாத்தியிருந்தார்கள். திரெட் நசுங்கிக் காளான் குடை மாதிரி விரிந்து, தண்டு துளையில் ரிவெட் அடித்தது போல நின்றது. அந்தக் குடையை அரத்தால் ராவி எடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டது. சுத்தியலின் இன்னொரு எல்லை அலுமினியம். விலை கூடிய சில கார்களில் நக்கிளே அலுமினியத்தில் வருகிறது. அதன்மேல் இந்த வைத்தியம் வேண்டாம், விரிசல் விட்டால் டை ராட் எண்டைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

அடுத்தது ஃபோர்க். மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு முனை, போகப்போகத் தடிக்கும் ஆப்பு. நக்கிளுக்கும் டை ராட் எண்டுக்கும் நடுவில் சொருகி, பின்னால் சம்மட்டியால் அடித்தால் பிரிந்துவிடும். வேகத்திலும் நிச்சயத்திலும் இதற்கு ஈடில்லை. ஆனால் போகிற வழியில் ரப்பர் பூட்டைக் கிழித்துக்கொண்டே போகும். கிழியாமல் எடுத்தேன் என்று யாராவது சொன்னால் அவர் அதிர்ஷ்டசாலி, அவ்வளவுதான். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே வரும், மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், நல்ல டை ராட் எண்ட்கூடக் கொஞ்ச நாளில் ஆட்டம் கண்டுவிடும். எனவே பழையதைக் குப்பையில் போடப்போகிறோம் என்றால் ஃபோர்க்கைத் தாராளமாக எடுக்கலாம். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டோ சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டோ கழற்ற வழிவிடுவதற்காக நல்ல டை ராட் எண்டைப் பிரிக்கிறீர்கள் என்றால் ஃபோர்க்கைத் தொடவே கூடாது. வாங்கும்போது இரண்டு முனைக்கும் இடையிலுள்ள அகலத்தைப் பாருங்கள். சஸ்பென்ஷனில் வரும் பால் ஜாயிண்டுக்கான அகல ஃபோர்க்கை இதில் போட்டால் தண்டைச் சுற்றித் தொளதொளவென்று நிற்கும்.

என் பக்கச்சார்பு புல்லர் மேல். நெம்புகோல் மாதிரி வேலை செய்கிற வகையைச் சொல்கிறேன்: ஒரு முனை நக்கிளுக்கு அடியில் கவ்வும், மறுமுனை தண்டின் நுனியை அழுத்தும், அதிலுள்ள ஒரு போல்ட்டை முறுக்கினால் வாய் மூடும். பூட் பிழைக்கும், நக்கிளில் தழும்பு விழாது, குறுகலான இடத்திலும் வேலை நடக்கும். பேரிங் எடுக்கிற இரண்டு கால் புல்லரை வைத்தும் சிலர் முயல்கிறார்கள். கால் வழுக்கித் தெறிப்பதால் அதை நான் இரண்டாம்பட்சமாகவே வைப்பேன்.

புல்லரை மட்டும் நம்பினாலும் ஏமாறுவீர்கள். மூன்றாவது தடவை, வலது பக்கத்தில், போல்ட்டை ரிங் ஸ்பேனரால் முறுக்கினேன். நகரவில்லை. ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு பைப்பைச் சொருகி இன்னும் கால் சுற்று. புல்லரின் கை லேசாக வளைவது கண்ணுக்கே தெரிந்தது, டை ராட் எண்ட் அப்படியே நின்றது. இதற்குமேல் முறுக்கினால் போல்ட் போய்விடும் என்று நிறுத்தி, இழுவையைத் தளர்த்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, சுத்தியலால் வளையத்தின் பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. ஓலைவெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், பக்கத்துவீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. தண்டு துள்ளி வந்து நட்டில் இடித்து நின்றது. அன்றிலிருந்து புல்லர் இழுக்கட்டும், சுத்தியல் அதிர வைக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்தே எடுக்கிறேன்.

‘நட்டில் இடித்து நின்றது’ என்றேனே, அது முக்கியம். நட்டைக் கழற்றி வீசிவிடாதீர்கள். தண்டின் நுனியோடு சமமாக நிற்கும்படி சில திரெட் மட்டும் பிடித்து விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் பிரியும் வேகத்தில் புல்லர் உங்கள் முகவாய்க்கட்டையைத் தேடி வரும். தலையில் வெட்டுகள் உள்ள ‘கேஸில்’ (castle) நட்டாக இருந்தால் தலைகீழாகப் போட்டால் தட்டையான முகம் வெளியே வந்து புல்லருக்கு நல்ல இருக்கை கிடைக்கும். அதோடு, இது அடிக்கிற, குலுக்குகிற வேலை. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கைவைக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

நெருப்பு வைக்கலாமா என்று கேட்பார்கள். கேஸ் வெல்டிங் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார், உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட், ஏபிஎஸ் இருந்தால் அதன் ஒயர். போதாததற்கு, டை ராட் எண்டே கிரீஸ் அடைத்து மூடிய பொருள், சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடித் தெறிக்கலாம். கூம்புக்கு நெருப்பு தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

துரு இளக்கும் ஸ்பிரேயும் கூம்பில் பெரிதாகச் சாதிப்பதில்லை. இரும்போடு இரும்பு கவ்விய இடத்தில் எண்ணெய் நுழைய வழியேது? அதன் இடம் மறுமுனையில், டை ராட்டையும் டை ராட் எண்டையும் பூட்டி நிறுத்தும் செக் நட்டில். அங்கே இருப்பது சாதாரணத் திரெட், எண்ணெய் ஊறும். முதல்நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஸ்பிரே அடித்துவிட்டுப் படுத்தால் காலையில் பாதிச் சண்டை மிச்சம். செக் நட்டைத் திருப்பும்போது டை ராட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ராட் முழுதும் சுழன்று ஸ்டியரிங் ரேக்கின் பெல்லோஸ், அதாவது மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, முறுக்கிக்கொள்ளும். சில வண்டிகளில் ஒரு பக்கம் எதிர்த்திசையில் கழலும் இடது திரெட் வரும், பலத்தைக் காட்டுவதற்கு முன் திரெட்டின் சரிவைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. நட்டைத் திருப்பும்போது தண்டும் கூடவே சுழலும், பெரும்பாலும் நைலான் வைத்த நட்டில். அப்போது கூம்பு விட வேண்டாம், கவ்வ வேண்டும். சின்ன ஜாக்கி ஒன்றாலோ கடப்பாரையாலோ தண்டைத் துளைக்குள் அழுத்திப் பிடித்தால் சுழற்சி நிற்கும். சிலவற்றில் நுனியில் ஆலன் கீ போடக் குழி இருக்கும், அதையும் பயன்படுத்தலாம்.

ஒரே ஒரு கருவி வாங்கக் காசு இருக்கிறது என்றால் புல்லர் வாங்குங்கள். சுத்தியல் எப்படியும் வீட்டில் இருக்கும். ஃபோர்க் வேண்டுமென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் இரவல் கேளுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவைகூட வேலை இருக்காது. அலுமினிய நக்கிளாக இருந்தால் புல்லரோடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் பட்டறையில் விடுங்கள்.

புதியதைப் பூட்டும்போது கூம்பையும் துளையையும் துணியால் சுத்தமாகத் துடையுங்கள், கிரீஸ் தடவ வேண்டாம். வண்டியின் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசைக்கு, முறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் அடுத்த வெட்டு வரைக்கும் இறுக்க வேண்டும், பின்னால் தளர்த்தக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திப் போடுகிற சிக்கனமும் வேண்டாம்.

பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, அத்தனை சுற்று புதியதைப் போடச் சொல்வார்கள். செய்யுங்கள், ஆனால் வீல் அலைன்மெண்டுக்கு அது ஈடாகாது. ஒரு சுற்று பிசகினாலே நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் வரைக்கும் மாறும், சக்கர விளிம்பில் அது இன்னும் பெருத்துத் தெரியும். நான் 14 சுற்று எண்ணி வாசல் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்தேன். முதல் திருப்பத்திலேயே ஸ்டியரிங் கோணலாக நின்றது. அலைன்மெண்ட் கடைக்காரர் ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பிச் சரிசெய்தார். சுவரில் அந்த 14 இன்னும் அழியவில்லை.