சாட்ஜிபிடி, ஜெமினி, நோட்புக்எல்எம்: ஓ/எல் விஞ்ஞானத்துக்கு எவ்வளவு தாங்கும்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளின் போனில் இப்போது ஏதாவதொரு ஏஐ செயலி இருக்கத்தான் செய்கிறது. இலங்கையின் தமிழ்மொழிமூல சாதாரண தர (ஓ/எல்) மாணவருக்கு இது பாடநூலைவிட உதவுமா? பாடநூலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பாவித்தால் உதவும். மூடி வைத்தால் புள்ளி போகும்.

முதற் கோளாறு கலைச்சொல். இந்தச் செயலிகள் பேசுவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடத்தமிழ். எங்கள் ஆர்முடுகல் அங்கே முடுக்கம், ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை, பிரசாரணம் சவ்வூடுபரவல். சொல் முற்றிலும் வேறென்றால் பிள்ளைக்கே பிடிபட்டுவிடும். ஒரே சொல் இரண்டு பொருளில் வரும்போதுதான் மாட்டிக்கொள்ளும். எங்கள் நூலில் தூரத்தை நேரத்தால் வகுத்தால் கதி, இடப்பெயர்ச்சியை வகுத்தால் வேகம். தமிழ்நாட்டில் முதலாவதுக்குப் பெயர் வேகம், இரண்டாவது திசைவேகம். ஒருவர் கிழக்கே 100 மீற்றர் நடந்து, 40 மீற்றர் திரும்பி வருகிறார். மொத்தம் 20 செக்கன். சராசரி வேகம் செக்கனுக்கு 3 மீற்றர், கிழக்கு நோக்கி. செயலியோ 140ஐ 20ஆல் வகுத்து 7 என்று தரக்கூடும். அது கதி. கணக்கில் ஒரு பிழையும் இல்லாததால் சந்தேகமும் வராது.

அடுத்தது ஈர்ப்பு ஆர்முடுகல். எங்கள் வினாத்தாளில் 10. செயலி கேட்காமலே 9.8 போடும். 50 கிலோகிராம் திணிவுள்ளவர் 3 மீற்றர் உயரத்தை 6 செக்கனில் ஏறினால் வலு 250 வாற்று. 9.8 போட்டால் 245. பல்தேர்வில் 245ஐத் தேடிக் காணாத பிள்ளை, சரியாகச் செய்த கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடும்.

இதற்காகப் பாடநூலைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். 1980 முதல் இலவசமாகக் கிடைக்கும் அந்தப் புத்தகத்தில் 'ஏன்' என்பதற்கு இடம் குறைவு. உப்புக் கரைசலில் போட்ட உருளைக்கிழங்குத் துண்டு ஏன் தளர்கிறது, வெறும் நீரில் ஏன் விறைக்கிறது, விறைத்தும் கலம் ஏன் வெடிப்பதில்லை என்று இரவு பத்து மணிக்கு அடுத்தடுத்துக் கேட்டால் சலிக்காமல் பதில் சொல்வது செயலிதான். இதில் அதற்குத் தாராளமாகப் புள்ளி கொடுக்கலாம்.

பாவிக்கும் முறை இது. பாடநூலில் இரண்டு மூன்று பக்கங்களைப் படமெடுத்து ஏற்றுங்கள். முழு அத்தியாயத்தையும் கொட்டினால் பதில் மேலோட்டமாகிவிடும். பழைய எழுத்துருவில் உள்ள பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும், படமே மேல். பிறகு இப்படி எழுதுங்கள்: "நான் இலங்கையில் தரம் 11, தமிழ்மொழிமூலம். இந்தப் பக்கங்களில் உள்ள சொற்களையே பாவிக்கவும். ஈர்ப்பு ஆர்முடுகல் 10. விடையைச் சொல்ல வேண்டாம், ஒவ்வொரு படியாக என்னிடம் கேளுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். துருக்கியில் கிட்டத்தட்ட 1000 உயர்நிலைப் பாடசாலை மாணவரை வைத்துக் கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2025இல் வெளியானது. சாதாரண அரட்டை வடிவத்தைப் பாவித்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதை வாங்கி வைத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, நூலும் குறிப்பும் மட்டும் வைத்துப் படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைத் தராமல் வழிகாட்டும் துப்பு மட்டும் கொடுத்த வடிவத்தில் அந்தச் சறுக்கல் பெரும்பாலும் இல்லை. சாட்ஜிபிடியிலும் ஜெமினியிலும் 2025இல் வந்த கற்றல் வசதிகள் அந்த வழியில்தான் போகின்றன, ஆனால் நாமே தெரிவுசெய்ய வேண்டும்.

மூன்றில் ஒன்று என்றால் நோட்புக்எல்எம். ஏற்றிய பக்கத்தை ஒட்டியே பேசும், எங்கிருந்து எடுத்தது என்றும் காட்டும். விஞ்ஞானத்துக்கு வெளியே போனால், கேத்திரகணித உருவுக்கு எதையும் நம்ப வேண்டாம். வட்ட நாற்பக்கலில் கோணத்தை இடம்மாற்றி வாசிக்கும். வரலாற்றுக்கு ஏற்றிய பக்கத்துக்கு வெளியே ஓர் ஆண்டைக்கூடக் கேட்காதீர்கள்.

மாதம் 20 டொலர் கட்டணத் திட்டம் ஓ/எல்லுக்குத் தேவையில்லை. அந்தக் காசில் காலி வீதியில் பாஸ் பேப்பர் (பழைய வினாத்தாள்) ஒரு கட்டே வாங்கலாம்.