மல்லாட்டைக் கம்பளிப்புழு: விளக்கா, மருந்தா, வைரஸா?

வேலூர் மாவட்டத்தில் மானாவாரியாக மல்லாட்டை (நிலக்கடலை) போடும் நாங்கள், சிவப்புக் கம்பளிப்புழு பக்கத்துக் கழனியிலிருந்து வரப்பைத் தாண்டி ஊர்ந்து வருவதைக் கண்ட பிறகுதான் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அதற்குள் புழு 5 செ.மீ. அளவுக்கு வளர்ந்து, உடம்பு முழுக்கச் செம்பழுப்பு மயிர் போர்த்தியிருக்கும். அந்தப் பருவத்தில் அடிக்கிற மருந்து பெரும்பாலும் காசுக்குக் கேடு.

விளக்குப் பொறி புழுவை விட்டுவிட்டுத் தாயைப் பிடிக்கிறது. மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கும் கூட்டுப்புழுக்கள் நல்ல மழை பெய்து ஈரம் இறங்கியதும் ஒரே காலத்தில் அந்துப்பூச்சிகளாக வெளிவருகின்றன. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஹெக்டேருக்கு மூன்று நான்கு விளக்குகளை இரவு 7 மணி முதல் 11 மணி வரை எரியவிட்டு, அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டை வைத்தால், மஞ்சள் விளிம்பு போட்ட வெள்ளை இறக்கைகள் காலையில் தட்டில் மிதக்கும். ஒருவர் மட்டும் விளக்கு வைத்துப் பயனில்லை, ஊரே சேர்ந்து வைக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள பெரிய சிரமம். ஆனாலும் என் தேர்வு இதுவே.

புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் என்.பி.வி. வைரஸ் இளம்புழுவுக்கு மட்டும் உகந்தது. வெயில் அதைக் கெடுத்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். புழு சாகச் சில நாள் பிடிக்கும். நோய் கண்ட புழு செடி நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கும்.

மருந்தை நான் கடைசியில் வைப்பதற்குத் தேயிலை ஒரு காரணம். இலங்கைத் தோட்டங்களில் இலைகளைப் பிணைத்துத் தின்ற ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களை, 1935-36இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மாக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவி அடக்கி வைத்திருந்தது. பிற்பாடு தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தபோது குளவி மடிந்து, அடங்கியிருந்த புழு மறுபடி பெருகியது. எங்கள் கழனியிலும் கம்பளிப்புழுவைத் தின்று வாழும் பூச்சிகள் உண்டு. கண்டபடி அடிக்கிற மருந்து அவற்றையும் சேர்த்தே கொல்லும்.

விளக்கு வைக்கத் தவறியவர்கள், இலையின் அடிப்புறத்தில் மஞ்சளாக அப்பியிருக்கும் முட்டைக் குவியல்களையும், பச்சையம் சுரண்டப்பட்டுச் சல்லடையான இலைகளையும் கிள்ளி எடுத்து அழிக்கலாம். புழு கூட்டமாக நகரத் தொடங்கிவிட்டால், 30 செ.மீ. ஆழத்துக்குப் பக்கங்கள் செங்குத்தாக இருக்கும்படி கழனியைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, விழுகிற புழுக்களை அங்கேயே அழித்துவிட வேண்டும்.