கிராமசபையா, ஜமாபந்தியா, விவசாயிகள் குறைதீர் நாளா: எந்த மனுவை எங்கே கொடுப்பது?

காவிரி டெல்டாவில் கோடை உழவை முடித்துவிட்டு, மேட்டூர் அணை இந்த ஆண்டு ஜூன் 12 அன்று திறக்கப்படுமா என்று விவசாயிகள் எதிர்பார்த்திருக்கும் வாரங்களில், ஊர்க்காரர்கள் பேசுவதற்கு மூன்று இடங்கள் அடுத்தடுத்து வாய்க்கின்றன. மே 1 அன்று கிராமசபை கூடுகிறது; மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது; மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் இருக்கவே இருக்கிறது. ஒரே மனுவை மூன்று நகல் எடுத்து மூன்றிலும் கொடுத்துவிட்டு, ஏதாவது ஒன்றிலாவது பலிக்காதா என்று காத்திருப்பவர்கள் பலர். அதைவிட, நம் குறை எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்த்து, அந்தப் பதிவேடு மேசையில் இருக்கும் கூட்டத்துக்குப் போவதே பயன் தரும் என்பது என் கணிப்பு.

இந்த அளவுகோலில் முதலிடம் ஜமாபந்திக்குத்தான். அரசு இதை வருவாய்த் தீர்வாயம் என்று குறிப்பிடுகிறது. வருவாய்த்துறையின் கணக்கு பசலி ஆண்டைப் பின்பற்றுவது. அது ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடியும். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு கிராமத்தின் கணக்கையும் தணிக்கை செய்வதே ஜமாபந்தியின் அசல் நோக்கம். மனு வாங்குவது அதனோடு சேர்ந்து நடப்பதுதான். நமக்கு அனுகூலமும் அங்கேதான் இருக்கிறது, ஏனெனில் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் (பயிர்க் கணக்கு), சிட்டா (யாருக்கு எவ்வளவு நிலம் என்ற கணக்கு), ‘அ’ பதிவேடு (புல எண் வாரியான நிலப் பதிவேடு) அனைத்தையும் சுமந்துகொண்டு வந்து, ஆட்சியரோ வருவாய்க் கோட்டாட்சியரோ போன்ற உயர் அலுவலர் முன்னிலையில் உட்கார்ந்திருக்கும் நாள் ஆண்டில் இது ஒன்றே. ஆனால் தணிக்கை பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாக நடப்பதால், நம் பிர்காவுக்குரிய தேதியைத் தவறவிட்டுப் பிறிதொரு நாளில் போனால் மனுவை வாங்கிக்கொள்வார்களே தவிர, கணக்கு எதிரில் இருக்காது. முதியோர் உதவித்தொகை, வாரிசு அடிப்படையிலான பட்டா மாறுதல், பெயர்ப் பிழைத் திருத்தம் போன்றவற்றுக்கு இது தக்க இடம். உட்பிரிவு, அதாவது ஒரே புல எண்ணில் தன் பங்கைத் தனியாகப் பிரித்துத் தரக் கேட்பவர், அன்றைக்கே பட்டா கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். நில அளவையர் வயலுக்கு வந்து அளக்காமல் அது முடியாது.

கிராமசபையின் நிலை வேறு. ஜமாபந்தியில் நாம் மனுதாரர்; கிராமசபையில் நாம் உறுப்பினர். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்த நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கூட்டம் நடக்க வேண்டும். இந்தத் தேதிகளை வகுத்தவர்கள் பயிர்க் காலத்தைப் பார்த்து வகுக்கவில்லை என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். அக்டோபர் 2 சம்பா நடவு வேளையில் வருகிறது. நவம்பர் 1 மழைக்குள் வருகிறது. ஜனவரி 26 அன்று பலரும் அறுவடை இயந்திரத்துக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை) சேரும் என்ற விதியையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், வருகைப் பதிவேட்டில் வீடுதோறும் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஏன் வந்தது என்பது புரியும். மே 1 மட்டுமே உழவர் ஓய்வாக இருக்கும் நாள். ஆகவே ஆறில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்பவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த டெல்டா மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலரிடம் போனபோது, கேள்வி கேட்கத் தலைவரே இல்லையே என்று கூட்டத்துக்குப் போவதையே விட்டவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. வரவு செலவுக் கணக்கும் தீர்மானப் பதிவேடும் அப்போதும் அங்கேதானே இருந்தன? தெருவிளக்கு, குடிநீர், சுடுகாட்டுப் பாதை, பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றை இங்கே பேசாமல் ஆட்சியரிடம் கொண்டுபோனால், அந்த மனு ஒன்றிய அலுவலகம் வழியாக இதே ஊராட்சிக்குத்தான் திரும்பி வரும்.

விவசாயிகள் குறைதீர் நாளில் ஆட்சியர் தலைமையில் வேளாண்மை, நீர்வளம், கூட்டுறவு, மின்சாரம், நுகர்பொருள் வாணிபக் கழகம் எனப் பல துறை அலுவலர்கள் ஒரே அரங்கில் அமர்ந்திருப்பார்கள். நேரடி கொள்முதல் நிலையம் திறக்கப்படாதது, முறைவைத்துத் தண்ணீர் விடும்போது கடைமடைக்கு அது எட்டாதது, பயிர்க் காப்பீட்டுத் தொகை தாமதமாவது போன்ற, பல கிராமங்களுக்கும் பொதுவான சிக்கல்களுக்கு இதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது. தனி ஒருவரின் பட்டாக் குறை இங்கே எடுபடாது. சங்கத் தலைவர்கள் பேசி முடிப்பதற்குள் மதிய உணவு நேரம் வந்துவிடும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும் என்பதால், வேறெங்கும் பதில் வராதவர்களுக்கு அது உதவும்.

மூன்றும் ஒன்றோடொன்று உரசும் இடம் வாய்க்கால். ஆற்றிலிருந்து பிரியும் ஏ, பி வாய்க்கால்கள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பதால், அவற்றில் தூர் வாராததைக் குறைதீர் நாளில் கேட்க வேண்டும். வயலை நோக்கி வரும் சி, டி வாய்க்கால்களைத் தூர்வாருவது பெரும்பாலும் ஊரக வேலைத் திட்டத்தில் ஊராட்சி அளவில் நடக்கும் பணியாதலால், அதைக் கிராமசபையில் கேட்க வேண்டும். வாய்க்கால் புறம்போக்கை யாரேனும் வரப்புக்குள் சேர்த்துக்கொண்டிருந்தால், அது ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு காட்டும் வரைபடம்) விரித்துப் பார்க்க வேண்டிய வருவாய்த்துறை விவகாரம். இந்தக் கடைசிக் குறை உள்ளவர்கள் மே 1 கூட்டத்தில் புல எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றச் சொல்லி, அதன் நகலைக் கையோடு வாங்கி, தங்கள் பிர்காவின் ஜமாபந்தி நாளில் மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம்.