மாடல் விமானம் கட்டுபவர்கள் கவனத்திற்கு: அந்தப் ‘பழைய சரக்கு’ பாலிஷ் பாட்டிலை வாங்காதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பிளாஸ்டிக் மாடல் கட்டும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கைப்பேசிக் குழுக்களில் ஒரு வெள்ளை பாட்டில் விலைபோய்க்கொண்டிருக்கிறது. ‘வெளிநாட்டு அக்ரிலிக் தரை பாலிஷ், பழைய சரக்கு, மாடல் பளபளப்புக்கென்றே’ என்று விளம்பரம். நூறு மில்லி 650 ரூபாய், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். உள்ளே இருப்பது தரை பாலிஷ் அல்ல. நாங்கள் சில பேர் கூட்டாக வாங்கி ஏமாந்திருக்கிறோம். கையில் ஏற்கெனவே பாட்டில் இருந்தால் மாடல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தரை துடைக்கும் சமாச்சாரத்துக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் கேட்பார்கள். மாடலில் நாம் அடிக்கும் போர்விமான வண்ணங்கள் பெரும்பாலும் மங்கல் வகை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பரப்பு சொரசொரப்பானது. அதன்மேல் டிகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம், ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு சாய்த்துப் பார்த்தால் படத்தைச் சுற்றி வெள்ளி பூத்ததுபோல் மினுங்கும், அச்சடித்த வட்டம் வண்ணத்தோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் தவிர்க்க முதலில் ஒரு பளபளப்புப் பூச்சு, அதன்மேல் டிகால், கடைசியில் மங்கல் பூச்சு என்று போகிறோம். அந்த முதல் பூச்சுக்கு மேல்நாட்டு மாடல்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் வீட்டுத் தரைக்கான அக்ரிலிக் பாலிஷ். அமெரிக்காவில் ஃபியூச்சர், பிரிட்டனில் கிளியர் என்ற பெயர்களில் ஜான்சன் நிறுவனம் விற்றது. தண்ணீர்போல் ஓடும், தின்னர் கலக்காமலே வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷில் ஊற்றலாம், தூரிகையால் தடவினாலும் கோடு விழாமல் தானே சமனாகும். விமானியின் கண்ணாடிக் கூண்டை அதில் முக்கி எடுத்தால் சிறு கீறல்கள் மறைந்து பளிச்சென்று ஆகும். பிடிக்கவில்லையென்றால் அமோனியா கொண்டு துடைத்து எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். இவ்வளவு வசதி ஒரே பாட்டிலில், அதுவும் மாடல் கடை வார்னிஷைவிட மலிவாக.

அந்தப் பொருள் பெயர் மாறி, கலவை மாறி, கடைசியில் கடைகளில் அரிதாகிவிட்டது. அதனால்தான் ‘பழைய சரக்கு’ என்ற சொல்லுக்கே ஒரு விலை. நம் ஊரில் அது மளிகைக் கடைக்கு வந்த பொருளே அல்ல. தரை பாலிஷ் என்று கேட்டால் சிவப்பு சிமெண்டுத் தரைக்குத் தேய்க்கும் மேன்ஷன் மெழுகு டப்பாவைத்தான் எடுத்துத் தருவார்கள். மெழுகின்மேல் டிகாலும் நிற்காது, வண்ணமும் நிற்காது. ஆகவே அசல் தேவைப்பட்டால் யாரோ ஒருவர் கொண்டுவந்து தருவதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் அந்த வெள்ளை பாட்டிலை விற்கும் ஆள் கடை விரித்திருக்கிறார்.

அவர் செய்த வேலையின் நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும். முதலில் கேட்டபோது ஒரு சிறு குப்பியை மாதிரிக்கு அனுப்பினார், கூரியர் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு. அது அசல். தெளிவாக இருந்தது, கண்ணாடித் துண்டில் கெட்டியாகக் காய்ந்தது, அமோனியா பட்டவுடன் கரைந்து வந்தது, டிகாலைப் பரப்போடு படியவைக்க அதை இளக்கும் திரவத்துக்கு அசையவில்லை. பல்லடத்து நண்பர் ஒருவரும் அதே மாதிரிக் குப்பியைச் சோதித்து அதே முடிவுக்கு வந்தார். குழுவில் நன்றாக இருக்கிறது என்று சொன்னோம். ஆர்டர்கள் குவிந்தன. பணம் போய்ச் சேர்ந்ததும் வந்த பெரிய பாட்டில்களில் இருந்தது வேறு.

பார்த்தவுடனேயே நிறம் மாறியிருந்தது. மாதிரி தண்ணீர் நிறம், இது பால் நிறம். உடனே கேட்டோம். ‘கம்பெனி பிற்காலத்தில் கலவையை மாற்றியது, புதியது பால்போல்தான் இருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும் அண்ணா’ என்று பதில் வந்தது. இதில் பாதி உண்மை என்பதுதான் விஷயம். பிரிட்டனில் தெளிவான பழைய கிளியருக்குப் பதிலாகப் பால்நிறக் கலவை வந்தது நிஜம். விஷயம் தெரிந்தவனை ஏமாற்ற வேண்டுமானால் அவனுக்குத் தெரிந்த விஷயத்தைக் கொண்டே ஏமாற்ற வேண்டும் என்பதை இந்த ஆள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். பழைய சரக்கு என்று விற்றுவிட்டுப் புதிய கலவை என்று சமாளிப்பது எப்படி என்று கேட்டதற்கு, இரண்டும் ஒரே தரம்தான் என்றார். வெயில் நாளில் பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பார்த்தால் நன்றாகவே மின்னியது, நம்பி மாடலில் பூசிவிட்டோம்.

நாங்கள் அப்போது கட்டிக்கொண்டிருந்தது ஒரு பள்ளிக் கண்காட்சிக்கான வரிசை. சூலூர் விமானப்படைத் தளத்தில் 2020-ல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்ற 18-வது ஸ்குவாட்ரன், 1971 போரில் நாட் என்ற சிறு போர்விமானங்களை ஓட்டிய அதே படைப்பிரிவு. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளத்தைக் காக்க நாட் விமானத்தில் ஏறிப் போரிட்டு உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோனுக்குத்தான் விமானப்படையின் ஒரே பரம் வீர் சக்கரம் கிடைத்தது. தலைக்கு மேல் தேஜஸ் பறக்கும் ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் குட்டி விமானத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை. 1/72 அளவில் நாட் உள்ளங்கையில் அடங்கிவிடும். மாடல் கிட்டோடு வருவது பிரிட்டிஷ் அடையாளங்கள், இந்திய வட்டங்களுக்குத் தனியாக டிகால் தாள் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தத் தாளில் கிழிந்தால் மாற்று இல்லை.

பூசியதற்கு மறுநாள் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. இறக்கையைப் பிடித்துத் தூக்கியபோது விரல்ரேகை அப்படியே பதிந்தது. காயவில்லை போலும் என்று மேலும் சில நாள் விட்டோம். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டுக்குள் புகுந்து புறப்படும் காலம். மூடி வைத்த டப்பாவுக்குள்ளும் புழுதி போய் உட்கார்ந்தது. ஒட்டிய புழுதி திரும்ப வரவில்லை. டிகால் ஒட்டி இளக்கும் திரவத்தைத் தொட்டதும் பூச்சே வெளுத்துச் சுருங்கி, மூவர்ண வட்டத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. வேறு ஒரு நண்பர் அதைத் தாண்டி மங்கல் பூச்சு வரைக்கும் போய்விட்டார். அவருடைய விமானத்தில் மேல்பூச்சு வறண்ட ஏரிப்படுகையாக வெடித்தது. அடியில் இளகிய படலம், மேலே கெட்டியான படலம் என்றால் வெடிக்கத்தான் செய்யும். முக்கி எடுத்த கண்ணாடிக் கூண்டு மங்கிப்போய் உள்ளே விமானி இருப்பதே தெரியவில்லை. ஏர்பிரஷின் 0.3 மி.மீ. மூக்கில் ரப்பர்போல் உறைந்து அடைத்துக்கொண்டது, லாக்கர் தின்னரில் ஊறப்போட்டுத்தான் மீட்க முடிந்தது.

இது என்ன பண்டம் என்பதைச் சொன்னவன் என் அக்கா மகன். திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்தவன் மூடியைத் திறந்து முகர்ந்தான், இரு விரலால் தொட்டுப் பிசைந்தான். “இது எங்கள் பைண்டர் மாமா, தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்” என்றான். பனியன் துணியில் நிறமி அச்சடிக்கும்போது நிறத்தைத் துணியோடு பிடித்துவைக்கும் அக்ரிலிக் பசை அது. சந்தேகமாக இருக்கிறதென்று சொன்னதும் மறுவாரம் பட்டறையிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்தான். இரண்டையும் கண்ணாடியில் பக்கம் பக்கமாகத் தடவிக் காயவிட்டோம். நகத்தால் கிளப்பினால் இரண்டுமே தோலாக உரிந்து, இழுத்த இழுப்புக்கு நீண்டன. மாதிரிக் குப்பியில் மிச்சம் இருந்த அசலோ நகத்துக்குப் பொடிப்பொடியாகச் சிதறியது. ஆய்வகச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் தினமும் அந்தப் பீப்பாயில் கைவைப்பவனின் விரலையும் என் கண்ணையும் நம்புகிறேன்.

இரண்டும் அக்ரிலிக்தான், தண்ணீரில் மிதக்கும் நுண்துளிகள்தான். வேலைதான் நேர் எதிர். தரை பாலிஷின்மேல் ஆள் நடக்க வேண்டும், நாற்காலி இழுபட வேண்டும், ஆகவே கெட்டியாகக் காயும்படி செய்திருப்பார்கள். வேண்டும்போது உரித்தெடுக்கவும் முடிய வேண்டும். அதற்காகத் துத்தநாகம் போன்ற உலோக அயனிகளால் படலத்தை இறுக்கி வைத்திருப்பார்கள், அமோனியா அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். பைண்டர் அப்படியல்ல. பனியனைப் போட்டால் உடம்பில் உறுத்தக் கூடாது, இழுத்தால் விரிசல் விடக் கூடாது, ஆகவே அது மென்மையாக இருந்தாக வேண்டும். முழு உறுதி பெற அச்சடித்த துணியைச் சுமார் 150 டிகிரி சூட்டில் சில நிமிடம் ஓட்டுவார்கள். நம் மாடலின் பாலிஸ்டைரின் 100 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பித்துவிடும். ஆக, அந்தப் பூச்சை விமானத்தின்மேல் முறையாகக் காயவைக்க வழியே கிடையாது. காலத்துக்கும் பிசுபிசுப்புதான். எங்கள் நூறு மில்லி விலைக்குத் திருப்பூரில் பைண்டர் ஒரு கிலோவுக்கு மேலேயே வாங்கலாம் என்பதை அக்கா மகன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விற்றவரைக் கேட்டோம். முதலில் ஈரப்பதம் என்றார். பிறகு எங்கள் பெயின்ட் சரியில்லை என்றார். அழுத்தம் அதிகம், கம்ப்ரஸரைப் பாருங்கள் என்றார். உரித்த தோலின் படத்தை அனுப்பியதும், இறக்குமதியாளர் தன்னையே ஏமாற்றிவிட்டார் என்றார். இறக்குமதி ரசீதைக் கேட்டதும் குழுவிலிருந்து எங்களை நீக்கினார். வேறு பெயரில் புதிய குழு ஓடுகிறது, அங்கும் அதே பாட்டில் படம், அதே இலவச மாதிரிக் குப்பி.

அந்தக் குப்பிதான் பொறி என்பதால் சொல்கிறேன்: மாதிரியைச் சோதித்ததோடு நிற்காமல், வந்த ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் விடுங்கள். ஒரு நாள் கழித்து நகம், பிறகு அமோனியா. அசல் படலம் அமோனியாவுக்கு வெளுத்து இளகித் துணியோடு வந்துவிடும். பைண்டர் பெயருக்குக் கொஞ்சம் ஊறும், வராது. அமோனியாவை ஜன்னல் திறந்த அறையில் கையாளுங்கள், பிளீச்சிங் திரவம் இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள், நச்சு வாயு உண்டாகும். வெயில் நாளில் கரண்டியில் அடித்துப் பார்ப்பது போதாது, ஈரமான நாளில் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். பாட்டிலின் லேபிளையும் படியுங்கள். பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் கணினியில் அச்சடித்த ஒரு ஸ்டிக்கர், அதில் விமானப் படம் ஒன்று. அவ்வளவுதான்.

ஏற்கெனவே பூசிவிட்டவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் படலத்தை ஊதவைத்து உருட்டி எடுக்கிறது, ஆனால் அடியில் இருக்கும் அக்ரிலிக் வண்ணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. லாக்கர் தின்னரைப் பிளாஸ்டிக்கின்மேல் நினைத்தே பார்க்காதீர்கள். நாங்கள் நாட் மாடலை வெறும் பிளாஸ்டிக் வரை உரித்து மறுபடி தொடங்கியிருக்கிறோம். இம்முறை தமியா நிறுவனத்தின் எக்ஸ்-22 என்ற பளபளப்புப் பூச்சு, அதற்குரிய தின்னரோடு. செலவு கூடுதல்தான், ஆனால் முத்திரையோடு வருகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தாகிவிட்டது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகவும் போடலாம், அதைத்தான் செய்ய நினைக்கிறோம். உங்களிடம் அந்தப் பாட்டில் இருந்தால் சோதனைச் சொட்டுக்குத் தவிர மூடியைத் திறக்காமல் அப்படியே வையுங்கள். கூரியர் உறை, பணம் கட்டிய ரசீது, அவரோடு பேசிய செய்திகளின் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். மாதிரிக் குப்பியில் ஒரு சொட்டாவது மிச்சம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டும் வேறு வேறு என்று காட்ட அது வேண்டும்.