50 எம்எம் லென்ஸை சர்வீசுக்கு குடுக்கப் போறவங்க ஒரு நிமிஷம் (மும்பை போரா பஜார் அனுபவம்)

கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. கடை பேரைக் கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க, சொல்ல மாட்டேன். கையில பக்கா பில் இல்லாம பேரைப் போட்டா நாளைக்கு வம்பு எனக்குத்தான். பில் ஏன் இல்லன்னு படிச்சா புரியும்.

என்கிட்ட இருந்தது கேனான் 50 எம்எம் 1.8 எஸ்டிஎம் (எஸ்டிஎம்ங்கறது உள்ள இருக்கற ஃபோகஸ் மோட்டார் வகை). 2019ல 7,800 ரூபா குடுத்து புதுசா வாங்கினேன். வெயிட்டே சுமார் 160 கிராம்தான், கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கும். ஆனா கேமராவோட கூடவே வர்ற கிட் லென்ஸை ஸூம் பண்ணி 55ல வச்சா 5.6க்கு கீழ வராது (இந்த நம்பர் குறையக் குறைய லென்ஸ் பெருசா திறக்கும்), இது 1.8 வரைக்கும் திறக்கும், அதாவது ஒம்போது பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும். தாராவில 90 ஃபீட் ரோட்ல பொங்கல் வைக்கும்போது விடியக்காலை இருட்டுல அடுப்பு வெளிச்சத்துல முகம் எடுக்கறது, மாட்டுங்கால பொண்ணுங்க அரங்கேற்றம் எடுக்கறது, எல்லாம் இதை வச்சுதான். ஒரே தொல்லை, என் கேமராவோட சின்ன சென்சார்ல 50ங்கறது 80 மாதிரி ஆயிடும். பத்துக்கு பத்து ரூம்ல சீமந்தம் எடுக்கப் போனா சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னாலும் தலையும் தோளும்தான் வரும்.

தப்பு முதல்ல என்னுது, அதையும் சொல்லிடறேன். ரெண்டு மழைக்காலம் லென்ஸை கேமரா பையிலயே போட்டு லாஃப்ட்ல வச்சிருந்தேன். மும்பை ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் எப்படின்னு உங்களுக்கே தெரியும், பீரோவுல செருப்பு பெல்ட்டே பூத்துப் போகும், அதுல துணிப் பையி வேற ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கும். போன வருஷம் ஒரு அரங்கேற்றத்துல குத்துவிளக்குக்கு எதிர்ல எடுத்த ஃபோட்டோ பூரா வெளிறிப் போய் வந்துச்சு. வீட்டுக்கு வந்து மொபைல் டார்ச்சை பின்பக்கமா அடிச்சு பார்த்தா உள்ள ஓரத்துல சிலந்தி நூல் மாதிரி. ஃபங்கஸ், அதான் பூஞ்சை.

ஆபீஸ் ஃபோர்ட்லதான், சரின்னு போரா பஜார் பக்கம் ஒரு கடையில காட்டினேன். கவுண்ட்டர்ல இருந்த பையன் என் ஹிந்தியைக் கேட்டதுமே "அக்கா தமிழா? எந்தூரு?"ன்னான். சொன்னேன். "அட நமக்கும் திருநெல்வேலிதான்க்கா, அம்பாசமுத்திரம் பக்கம்"னான். அவ்ளோதான், என் மூளை அங்கயே ஆஃப் ஆயிடுச்சு. கட்டிங் சாய் வேற வந்துச்சு.

அப்பவே ஒண்ணு பார்த்தேன். பேட்டரி செத்து கேமரா ஆஃப் ஆனதால லென்ஸோட உள் குழாய் பாதி வெளிய வந்தபடியே நின்னிருந்தது. இந்த லென்ஸ்ல ஃபோகஸ் ரிங்கே மோட்டார் வழியாத்தான் வேலை செய்யும், கரண்ட் இல்லாம சுத்தினா ஒண்ணும் நகராது, கேமராவுல மாட்டி ஆன் பண்ணித்தான் குழாயை உள்ள இழுக்கணும். அந்தப் பையன் கட்டைவிரலை வச்சு ஒரே அழுத்து, உள்ள தள்ளிட்டான். எனக்கு வயித்துல பகீர்னுச்சு. உள்ள இருக்கற சின்ன பல்சக்கரம்லாம் அப்படித்தான் போகும்னு எனக்கே தெரியும், தினம் லென்ஸ் பிரிக்கறவனுக்குத் தெரியாதா? அப்பவே வாங்கிக்கிட்டு எழுந்திருக்கணும். ஊர்க்காரப் பையன்னு உக்காந்திருந்தேன்.

1,400 ரூபா, ரெண்டு நாள்ல ரெடின்னான். ஒரு துண்டுச் சீட்டுல "50 எம்எம், 1 பீஸ், க்ளீனிங்"னு எழுதிக் குடுத்தான். பில் கேட்டா "பக்கா பில்னா ஜிஎஸ்டி சேரும்க்கா, உங்களுக்கு எதுக்கு"ன்னான். நானும் எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.

ரெண்டு நாள் ஒம்போது நாள் ஆச்சு. வாங்கப் போன அன்னைக்கு கேமராவை எடுத்துட்டுப் போகல, இதை இப்ப டைப் பண்ணும்போது கூட என்னை நானே அடிச்சுக்கணும்போல இருக்கு. பபிள் ராப்ல சுத்தி, ரெண்டு பக்கமும் மூடி போட்டு ரெடியா வச்சிருந்தாங்க, முன் மூடியைத் திறந்து ட்யூப்லைட்ல பார்த்தேன், பளபளன்னு இருந்தது, காசைக் குடுத்துட்டு 6.40 ஹார்பர் லைன் ட்ரெயின் பிடிக்க ஓடிட்டேன்.

வீட்ல மாட்டி ஃபோகஸ் பண்ணினா கரகரன்னு அரிசியில கல்லு மாதிரி சத்தம். சுவத்துல பேப்பரை விரிச்சு ஒட்டி எடுத்துப் பார்த்தேன், வலது பக்கம் எழுத்து கத்தி மாதிரி, இடது பக்கம் மசமச. லென்ஸ் திறப்பை 5.6க்கு குறைச்சும் அதே. நான்தான் கோணலா நிக்கறேனோன்னு கேமராவை தலைகீழா பிடிச்சு எடுத்தேன். கோணல்னா மங்கல் இப்ப ஃப்ரேம்ல எதிர்ப் பக்கம் போயிருக்கணும், போகல, ஃப்ரேமோட அதே பக்கம்தான். அப்படின்னா உள்ள கண்ணாடி நடுவுல உக்காரலன்னு அர்த்தம்.

அப்புறம்தான் கவனிச்சேன். ஃபோட்டோ எடுக்கப் போற இடத்துல ரெண்டு மூணு பேர் லென்ஸ் கலந்துடும்னு மவுண்ட்டுக்கிட்ட (கேமராவுல மாட்டற வளையம்) மெரூன் நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சிருந்தேன். அதைக் காணோம். பழைய அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து சீரியல் நம்பர் பார்த்தா, வேற நம்பர். கடைசி ரெண்டு மூணு இலக்கம் இல்ல, முழுசாவே வேற.

லேசா ஃபங்கஸ் பிடிச்ச என் நல்ல லென்ஸைத் துடைச்சு யாருக்கோ செகண்ட்ஸ்ல வித்துட்டு, எங்கயோ விழுந்த ஒண்ணை என் தலையில கட்டிட்டாங்கன்னுதான் நான் நினைக்கறேன். மறுநாள் போனா என்ன பதில் தெரியுமா? "மவுண்ட் பார்ட் மாத்தினோம்க்கா, அதான் நம்பர் மாறிடுச்சு." க்ளீனிங்குக்கு குடுத்ததுல மவுண்ட்டை எதுக்குப்பா மாத்தினேன்னா, உள்ளேர்ந்து சேட் வந்துட்டாரு. "மேடம், சீட்டுல நம்பர் எழுதியிருக்கா? காட்டுங்க." இல்லையே. தம்பி அதுக்கப்புறம் தமிழ்ல ஒரு வார்த்தை பேசல, என் முகத்தையும் பார்க்கல. அரை மணி நேரம் கத்தினதுல 500 ரூபா திருப்பிக் குடுத்தாங்க.

1915ங்கற கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனுக்கும் ஃபோன் பண்ணினேன். நல்லாத்தான் பேசினாங்க, ஆனா முதல் கேள்வியே பில் இருக்கான்னுதான். 2019 நுகர்வோர் சட்டத்துல பில் குடுக்காம இருக்கறதே முறையற்ற வியாபாரம்னுதான் இருக்கு, ஆனா கேட்டு வாங்காம வந்தது நான்தானே, அவன் "பில் வேணாம்னு அவங்கதான் சொன்னாங்க"ன்னு சொன்னா நான் என்ன பண்ண.

அதனால, இந்த லென்ஸ்ல ஓரத்துல கொஞ்சம் ஃபங்கஸ்னா முதல்ல படம் கெடுதான்னு பாருங்க. பாதி பேருக்கு வித்தியாசமே தெரியாது, உள்ள நாலு தூசி இருந்தா ஒண்ணுமே ஆகாது. குடுத்தே ஆகணும்னா சீரியல் நம்பரை சீட்டுல அவங்க கையாலயே எழுத வச்சு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, திரும்ப வாங்கும்போது கேமராவோட போய், கடை வாசல்லயே எதிர் கட்டட ஷட்டரை நாலு மூலையும் எடுத்துப் பார்த்துட்டு காசைக் குடுங்க. செகண்ட்ஸ் வாங்கறவங்களும் ஜாக்கிரதை, 1990ல வந்த பழைய 1.8 டூவையும் 2015ல வந்த எஸ்டிஎம்மையும் ஒரே விலைக்கு தள்றாங்க. பழசுல மவுண்ட்டே ப்ளாஸ்டிக், ஃபில்டர் சைஸ் 52, புதுசுல மெட்டல், 49. திருப்பிப் பார்த்தா தெரிஞ்சிடும்.

எனக்கு இப்ப மிச்சம் இருக்கற லென்ஸ் எல்லாம் காத்துப் போகாத டப்பாவுல, நீல சிலிகா ஜெல்லோட. மாவு வைக்கற டப்பாவைத் தூக்கிட்டேன்னு அம்மா இன்னும் திட்டறாங்க. ஜெல் பிங்க் ஆனா பழைய கடாயில லேசா சூடு பண்ணினா திரும்ப நீலமாகும், அந்தக் கடாயை மட்டும் சமையலுக்கு எடுக்காதீங்க. ஈரப்பதம் காட்டற டயல் மீட்டர் ஒண்ணு உள்ள போட்டு 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சிருக்கேன். கேமராவை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி தூரமா ஃபோகஸ் பண்ணி குழாயை உள்ள அனுப்பிடறேன்.

இந்தப் பக்கம் யாராவது இந்த வருஷம் செகண்ட்ஸ்ல 50 எஸ்டிஎம் வாங்கியிருந்தா மவுண்ட்டுக்கிட்ட ஒரு தடவை பாருங்க. மெரூன் புள்ளி இருந்தா, இல்ல நெயில் பாலிஷைச் சுரண்டின மாதிரி தெரிஞ்சா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. லென்ஸைக் கேக்க மாட்டேன், நீங்க காசு குடுத்து வாங்கினது. எந்தக் கடையில வாங்கினீங்கன்னு மட்டும் சொன்னா போதும், சீரியல் நம்பர் போட்ட பெட்டி என்கிட்டதான் இருக்கு.