ஃப்ளெக்ஸ் 6400: ப்ரோக்ராம் எழுதுற ஹாமுக்கு இது வேற லெவல்

ஃப்ளெக்ஸ்ரேடியோ கம்பெனியோட 6400ங்கிற ஹாம் (அமெச்சூர்) ரேடியோ பத்தி, ரிசீவர் எப்படி, 100 வாட்ஸ் எப்படின்னு நிறைய பேர் எழுதிட்டாங்க, நல்லா தான் இருக்கு, அதுல எனக்குச் சேர்க்க பெருசா ஒண்ணும் இல்ல. எனக்கு இதுல பிடிச்சது அதோட ஏபிஐ, அதாவது நம்ம ப்ரோக்ராம் ரேடியோவோட பேசுற வழி.

முன்னாடி டிஸ்ப்ளே, நாப் எதுவும் கிடையாது, அது வேணும்னா எம் மாடல் வாங்கணும். ஆன்டெனால வர்ற சிக்னலை ஏடிசிங்கிற சிப் நேரா டிஜிட்டலா மாத்திடும், ஃபில்டர், சிக்னல்லேர்ந்து ஆடியோவைப் பிரிக்கிற டீமாடுலேஷன் எல்லாம் பெட்டிக்குள்ளயே முடிஞ்சிடும், பிசில ஓடுற ஸ்மார்ட்எஸ்டிஆர் நமக்குக் காட்டுற திரை, அவ்வளவு தான். அந்த ஆப் ரேடியோவோட எப்படிப் பேசுதோ அதே வழியில யார் எழுதுற ஆப்பும் பேசலாம், இது தான் விஷயமே. இதுக்கு சி ஷார்ப்ல ஃப்ளெக்ஸ்லிப்னு ஒரு லைப்ரரி சோர்ஸோட குடுக்குறாங்க, அது வேண்டாம்னா பைத்தான், கோ எதுல வேணா நேரா சாக்கெட் திறந்து எழுதிக்கலாம்.

ரேடியோ ஆன்ல இருக்குற வரைக்கும் நெட்வொர்க்ல யுடிபி பிராட்காஸ்ட் அனுப்பிட்டே இருக்கும், ஐபி, சீரியல் நம்பர், மாடல் எல்லாம் அதுலயே இருக்கு. போர்ட் 4992ல டிசிபி கனெக்ஷன் போட்டா வெர்ஷனும் உங்களுக்கான ஹேண்டிலும் வரும், அதுக்கப்புறம் எல்லாம் படிச்சா புரியுற டெக்ஸ்ட் வரி, ஸ்லைஸை (ரேடியோக்குள்ள இருக்குற ஒரு ரிசீவர்) இந்த ஃப்ரீக்வென்சிக்கு மாத்துன்னு ஒரு வரி அனுப்பினா மாத்திட்டு பதில் சொல்லும். ஸ்லைஸ் மாற்றங்களுக்கு சப்ஸ்கிரைப் பண்ணிட்டா வேற யாராவது வேற ஆப்ல டியூன் பண்ணாலும் உங்க ப்ரோக்ராமுக்கு உடனே தகவல் வந்துடும். பழைய ரேடியோல பிசியோட இணைக்கிற காம் போர்ட்டை ஒரு லாகிங் சாஃப்ட்வேர் பிடிச்சிடுச்சுன்னா எஃப்டி8ங்கிற டிஜிட்டல் மோடு சாஃப்ட்வேருக்கு இடமில்ல, போர்ட்டைப் பிரிச்சுக் குடுக்க தனி சாஃப்ட்வேர், ஏதாவது மாறிடுச்சான்னு விடாம கேட்டுட்டே இருக்குற போலிங்னு அல்லாடினவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ஆடியோ, சிக்னல்களைப் படமாக் காட்டுற பனாடாப்டர், வாட்டர்ஃபால் எல்லாம் வீட்டா 49ங்கிற ஸ்டாண்டர்ட் பாக்கெட்டா யுடிபில வரும். புதுசா எழுதுறவங்க இங்க தான் முழிப்பாங்க, டாக்ஸ் (மத்த சாஃப்ட்வேருக்கு ரேடியோ ஆடியோ குடுக்குற வழி) ஆடியோ 24 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளோட், அதுவும் பிக் எண்டியன் (பெரிய பைட் முதல்ல), பைட் ஆர்டரை மாத்தாம விட்டா ஸ்பீக்கர்ல வெறும் இரைச்சல் தான். டாகுமென்ட்ல எல்லா கமாண்டும் இல்ல, சந்தேகம் வந்தா ஃப்ளெக்ஸ்லிப் சோர்ஸைத் திறந்து படிங்க, அது தான் நம்பகமான டாகுமென்ட்.

இப்படித் திறந்து விட்டதால என்ன ஆச்சுன்னா, கம்பெனியோட ஸ்மார்ட்எஸ்டிஆர் விண்டோஸ்ல மட்டும் ஓடுது, ஆனா ஐபேடுக்கும் மேக்குக்கும் வெளி டெவலப்பர்கள் எழுதின ஆப் இருக்கு, லினக்ஸ்காரங்களுக்கு ஆடியோவுக்கு என்டாக்ஸ், ரேடியோ கன்ட்ரோலுக்கு என்கேட் இருக்கு. மான்டிநீக்ரோவோட 4ஓ3ஏ கம்பெனி செய்யுற ஆன்டெனா ஜீனியஸ்ங்கிற ஆன்டெனா ஸ்விட்ச் நெட்வொர்க் வழியாவே ரேடியோ எந்த பேண்ட்ல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆன்டெனாவை மாத்துது, தனியா பேண்ட் டேட்டா வயர் இழுக்க வேண்டாம். வேவ்ஃபார்ம் ஏபிஐ வழியா புது மோடையே சேர்க்கலாம், ஃப்ரீடிவிங்கிற டிஜிட்டல் வாய்ஸ் மோடு அப்படி வந்தது தான், டி ஸ்டார்ங்கிற இன்னொரு டிஜிட்டல் வாய்ஸ் மோடுக்கு தம்ப்டிவி டாங்கிளை ரேடியோவோட யுஎஸ்பில சொருகினா போதும்.

குறைன்னா ரெண்டு சொல்லணும். உள்ள இருக்குற ஃபர்ம்வேர், டிஎஸ்பி (சிக்னலை டிஜிட்டலா அலசுற பகுதி) மூடினது தான், நாய்ஸ் ரிடக்ஷன் பிடிக்கலன்னா அதுக்குள்ள கை வைக்க முடியாது, அந்த ஆசை இருந்தா ஹெர்மிஸ் லைட் 2ங்கிற ரேடியோ பக்கம் போங்க, அதுல ஹார்டுவேரே ஓப்பன், ஆனா பவர் 5 வாட்ஸ் தான். இன்னொண்ணு ரொம்ப முக்கியம். லோக்கல் நெட்வொர்க்ல பாஸ்வேர்டே கிடையாது, அதே நெட்வொர்க்ல இருக்குற யாரோட ப்ரோக்ராமும் கனெக்ட் பண்ணி டிரான்ஸ்மிட் பண்ண முடியும், லைசென்ஸ் உங்க பேர்ல, பதில் சொல்ல வேண்டியது நீங்க. தயவுசெஞ்சு 4992ஐ ரவுட்டர்ல வெளிய திறந்து விடாதீங்க, வெளியூர்லேர்ந்து ஓட்டணும்னா ஃப்ளெக்ஸோட ரிமோட் வசதியான ஸ்மார்ட்லிங்க், இல்லன்னா விபிஎன். முடிஞ்சா ரேடியோவுக்கு தனி விலான் (பிரிச்சு வச்ச நெட்வொர்க்) போட்டுடுங்க, டிஸ்கவரி பிராட்காஸ்ட் விலானைத் தாண்டாதுங்கிறதால ரேடியோ ரூம்ல இருக்குற பிசியும் அதே விலான்ல இருக்கணும்.

2024ல 8000 சீரிஸ் வந்துடுச்சு, அதுக்கும் இதே ஏபிஐ தான், அதனால 6400க்கு எழுதின கோடு வீணாகாது. செகண்ட் ஹேண்ட்ல 6400 எடுக்குறவங்க ஸ்மார்ட்எஸ்டிஆர் எந்த மேஜர் வெர்ஷன் வரைக்கும் லைசென்ஸ் இருக்குன்னு கேட்டுட்டு காசு குடுங்க, ஒரே ரேடியோவை ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஓட்டுற மல்டிஃப்ளெக்ஸ் 3ம் வெர்ஷன்லேர்ந்து தான் இருக்கு.